ஏற்காட்டுப் பனியும் மங்கிய ஹெட்லைட்டும்

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி மாதம், ஏற்காட்டிலிருந்து இறங்கக் கிளம்பும்போதே ராத்திரி ஏழரை ஆகிவிட்டது. ஒண்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதே ஏரிப் பக்கமிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. சேலம் வரும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் அந்தக் குளிரிலும் எனக்குக் கழுத்து வியர்த்துவிட்டது. பிரைட் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர். அது பனியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிம் போட்டாலும் அதே சுவர் கொஞ்சம் மங்கலாக நின்றது. பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு பழைய ஜீப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அகலமான இடம் கிடைத்ததும் முந்திப் போனது. அதன் உருண்டைக் கண்ணாடி விளக்கு, சாலையோரத்து வெள்ளைக் கோட்டை எடுத்துக் காட்டியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே அடிவாரம் வந்து சேர்ந்தேன். என் பல்ப்பை அதற்கு முந்தின மாதம்தான் மாற்றியிருந்தேன். ஜீப்பில் இருந்தது எந்தக் காலத்துப் பல்போ!

மறுநாள் கோரிமேட்டில் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை செய்யும் பெரியவரிடம் போய், இன்னும் பெரிய வாட்டில் பல்ப் போடலாமா என்று கேட்டேன். அவர் பல்ப்பைத் தொடவே இல்லை. குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஹெட்லைட் மேல் கொஞ்சம் ஊற்றினார். மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருந்த கண்ணாடி, தண்ணீர் ஓடிய இடத்தில் மட்டும் தெளிந்து பல்ப்பின் ஒளியை முன்னால் திருப்பி வீசும் வெள்ளி நிறக் கிண்ணம் உள்ளே தெரிந்தது. அரை நிமிஷம். காய்ந்ததும் பழையபடி பூத்துக்கொண்டது.

"பாத்தீங்களா சார், ஈரமா இருக்கறப்ப தெளியுது. அப்ப மேல்தோல்தான் கெட்டிருக்குதுங்க. பல்ப்பு என்ன பண்ணும்?"

ஹெட்லைட் மங்குவதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த அரை நிமிஷத்துக்குள் அடங்கியிருக்கிறது. மங்கிய மேற்பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கீறலும் வெடிப்பும் பள்ளமுமாக இருக்கிறது. உள்ளேயிருந்து வரும் ஒளி ஒவ்வொரு பள்ளத்திலும் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பிச் சிதறுகிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பி மேற்பரப்பைச் சமமாக்கியதும் ஒளி நேராக வெளியே வந்துவிடுகிறது. ஆக, நமக்கு வேண்டியது காய்ந்துபோகாத ஒரு தண்ணீர். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நாம் ஹெட்லைட் கண்ணாடி என்று சொன்னாலும் அது கண்ணாடி கிடையாது. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். 1953-ல் ஜெர்மனியில் பேயர் நிறுவனமும் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் ஒன்றுக்கொன்று தெரியாமல் தனித்தனியாகக் கண்டுபிடித்த பொருள். அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் உருண்டையாக, நிமிர்ந்து நின்ற விளக்குகள் நிஜக் கண்ணாடி. கல் பட்டால் உடையும். உடையாத வரைக்கும் முப்பது வருஷம் ஆனாலும் மஞ்சளாகாது. அமெரிக்காவில் 1983 வரை மூடி முத்திரையிட்ட கண்ணாடி விளக்குகளைத் தவிர வேறு எதையும் சட்டம் அனுமதிக்கவில்லை. அந்த விதி தளர்ந்த பிறகு, 1984 மாடல் லிங்கன் மார்க் 7 காரில்தான் அங்கே முதன்முதலாக பிளாஸ்டிக் முகப்பு வந்தது. பாலிகார்பனேட்டின் எடை கண்ணாடியில் ஏறத்தாழ பாதிதான். எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், கல் தெறித்தால் சில்லுச் சில்லாகச் சிதறாது. வடிவமைப்பாளர்களுக்குக் கொண்டாட்டம். பூனைக் கண், பருந்துக் கண் என்று இன்றைக்கு நாம் பார்க்கிற விளக்குகள் எல்லாம் அந்தப் பிளாஸ்டிக் தந்த சுதந்திரம்.

இந்தப் பிளாஸ்டிக்குக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, வெயில் ஆகாது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை உடைக்கிறது, உடைந்த இடத்தில் உண்டாகும் பொருள் நீல ஒளியை விழுங்குகிறது. நீலம் போனால் மிச்சம் மஞ்சள்தானே. இரண்டாவது, மேற்பரப்பு மெத்து. சுத்தியலால் அடித்தால் தாங்கும், மணலோடு துணி பட்டால் கீறிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் சேர்த்து, கம்பெனியிலேயே ஒரு கடினமான மேல்பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். முடியின் பருமனில் சிறு பங்குதான் இருக்கும். அதில் புறஊதாவை உறிஞ்சும் மருந்து கலந்திருக்கும். அந்த மருந்து வெயில் குடிக்கக் குடிக்கத் தீர்ந்துகொண்டே வரும். ஒரு நாள் பூச்சு வெடிக்கும், உரியும், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வெயிலுக்கு நேராக முகம் காட்டும். ஹெட்லைட் மங்குவது என்றால் இதுதான். பூச்சு செத்துவிட்டது என்று அர்த்தம்.

சேலத்தில் அது சீக்கிரம் சாகிறது. ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரம் தாண்டியும் நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கிறது. பழைய உருண்டை விளக்கு நிமிர்ந்து சாலையைப் பார்த்தது. இப்போதைய விளக்கு பானெட் மேல் பின்னால் சாய்ந்து படுத்து வானத்தைப் பார்க்கிறது. எந்தக் காரை வேண்டுமானாலும் நின்று பாருங்கள், மேல் ஓரம்தான் முதலில் பூத்திருக்கும். என் வண்டி அஸ்தம்பட்டியில் வீட்டு வாசலில், வேப்பமரத்துக்குக் கீழே நிற்கும். நிழல் இடது விளக்கு வரைக்கும்தான் எட்டும். ஒரே வண்டி, ஒரே வயசு, இடது விளக்கு லேசாகத்தான் மங்கியிருந்தது, வலது விளக்கு பழுத்த மாம்பழ நிறம். வெயில் செய்யும் வேலைக்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. மலை மேல் வீடு இருப்பவர்கள், குளிர்ச்சிதானே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். உயரம் 1000 மீட்டர் கூடினால் புறஊதா 10 சதவீதம் போலக் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏற்காடு 1500 மீட்டர். மேகம் மறைக்கும் நாட்களில் குறையும், பளிச்சென்று விடிந்த நாளில் கீழே இருப்பதைவிடக் கூடுதலாகவே சுடும்.

வெயிலுக்குத் துணை தூசி. சேலத்துக்கும் மலைக்கும் நடுவில் வெள்ளையாகத் தெரிகிற மேக்னசைட் சுரங்கப் பகுதியைத் தாண்டிப் போய்வரும் வண்டிகளுக்குத் தெரியும், ஹெட்லைட் மேல் மாவு தூவியது போல ஒரு படலம். அதைக் காய்ந்த துணியால் ஒரு துடை துடைத்தால், வெயில் ஒரு வருஷத்தில் செய்வதை நாம் ஒரே நாளில் தொடங்கி வைத்துவிடுகிறோம். மழைக்கு அப்புறம் கிளம்பும் ஈசல் இன்னொரு தொல்லை. விளக்கில் அடித்து ஒட்டிக் காய்ந்துவிடும். ஸ்கிரப்பர் போட்டுத் தேய்க்காதவர்கள் குறைவு.

சரி, மங்கினால் எவ்வளவு வெளிச்சம் போகிறது? 2018-ல் அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பான ஏ.ஏ.ஏ. சோதித்துப் பார்த்தது. நன்றாக மஞ்சளடித்த ஹெட்லைட், புதிது தரும் வெளிச்சத்தில் 20 சதவீதம் மட்டுமே தந்தது. சுத்தம் செய்து பாலிஷ் போட்டபின் அது சுமார் 70 சதவீதம் வரைக்கும் மீண்டது. டூம் என்று சொல்லும் விளக்குக் கூட்டையே அசலாக மாற்றினால்தான் முழு வெளிச்சம்.

இந்த எண்ணைப் பார்த்தவுடன், ஐந்தில் ஒரு பங்குதானே வருகிறது, ஐந்து மடங்கு பல்ப் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காணாமல் போன ஒளியில் ஒரு பகுதியைத்தான் மஞ்சள் விழுங்குகிறது. இன்னொரு பகுதி வெளியே வருகிறது, ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நாலாபக்கமும் சிதறுகிறது. டிம் விளக்கின் உயிர் அதன் மேல் விளிம்பில் இருக்கிறது. ராத்திரியில் ஒரு சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். கீழே வெளிச்சம், மேலே இருட்டு, நடுவில் கோடு கிழித்தது போல ஒரு எல்லை. எதிரே வருபவர் கண்ணில் படாமல் சாலையில் மட்டும் ஒளி விழவேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கோடு. மங்கிய விளக்கில் அந்தக் கோடு கலைந்துவிடும். என் வண்டியில் கோடே இல்லை, சுவர் முழுக்கப் பால் தெளித்தது போல இருந்தது.

சமவெளியில் அதனால் எதிரே வருபவருக்குத்தான் கஷ்டம். மலைப்பாதையில் பனி இறங்கினால் நமக்கும் கஷ்டம். பனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள், தன்மேல் படும் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். பனியில் பிரைட் போடாதே என்று சொல்வது அதனால்தான். கோடு கலைந்த டிம் விளக்கு, பாதி பிரைட் போல மேலேயும் ஒளியை வீசுகிறது. அந்த ஒளி கண்ணுக்கு முன்னால் இருக்கும் பனியை வெளிச்சமாக்கிவிட, அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் சாலை மறைந்துபோகிறது. அன்றைக்கு என் டிம் உண்மையில் டிம்மாகவே இல்லை. மலையில் இருந்த பனி போதாதென்று, நானே இரண்டு கை அளவு பனியை வண்டி முகப்பில் வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறேன். அதற்குப் பின்னால் 100 வாட் பல்ப் போட்டிருந்தால் சுவர் இன்னும் பிரகாசமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். பெரும்பாலான ஹாலஜன் வண்டிகளில் இருக்கும் எச்4 பல்ப், பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். அந்தச் சூட்டுக்குத்தான் உள்ளே இருக்கும் கிண்ணமும் வயரும் தயாரானவை. வாட் ஏற்றினால் கிண்ணத்தின் வெள்ளி நிறப் பூச்சு கருகும், ஹோல்டர் உருகும். ஹாலஜனுக்காகச் செய்த கிண்ணத்தில் கடையில் வாங்கிச் செருகும் எல்.இ.டி. பல்ப் இன்னொரு கதை. ஒளி பிறக்கும் இடம் கொஞ்சம் நகர்ந்தாலும், நல்ல கண்ணாடியிலேயே கோடு கலைந்துவிடும்.

மலையில் ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட்டு நிற்க வேண்டும். நின்று வழி விடுகிறோம் என்ற நல்ல எண்ணத்தோடு, அவர் வளைவு திரும்பும் நேரத்தில் சரியாக அவர் கண்ணில் ஒளியை இறைத்துக்கொண்டு நின்றால்? காட்டெருமை குறுக்கே நிற்கும் பாதை வேறு. அதன் கறுப்பு உடம்பு நல்ல விளக்கிலேயே கிட்டத்தில் வந்தால்தான் தெரியும்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். டூத்பேஸ்ட் வேலை செய்யுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். செய்யும். அதில் மெல்லிய அரம் போன்ற பொடி இருக்கிறது, மேலே உள்ள படலத்தைக் கொஞ்சம் தேய்த்து எடுக்கும். சில வாரம் தாங்கும். கொசு விரட்டும் ஸ்பிரே அடித்துத் துடைத்தால் பளபளக்கிறது என்று காட்டும் வீடியோக்களும் சுற்றுகின்றன. தயவுசெய்து வேண்டாம். அதில் உள்ள டீட் என்ற மருந்து பிளாஸ்டிக்கையே கரைத்து இளக்குகிறது. பளபளப்பு என்று நாம் பார்ப்பது உருகிய தோல். பெட்ரோல், தின்னர் இரண்டும் இதே கணக்குத்தான், கொஞ்ச நாளில் சிலந்தி வலை மாதிரி உள்வெடிப்பு விடும்.

சூடாக்கிய கோப்பையின் மூக்கிலிருந்து வரும் ஆவியைக் காட்டி ஐந்து நிமிஷத்தில் கண்ணாடியாக்கித் தருகிற முறை ஒன்றும் இருக்கிறது. பார்க்க மந்திரம் மாதிரிதான் இருக்கும். அது டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பானின் ஆவி, மேல்தோலை உருக்கிச் சமமாக்குகிறது. மூச்சில் போனால் கெடுதல். கதவு சாத்திய ஷெட்டில், முகத்தில் கைக்குட்டை மட்டும் கட்டிக்கொண்டு இதைச் செய்யும் பையன்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. வண்டிக்காரருக்கும் லாபமில்லை. உருக்கிய தோலுக்கு வெயிலைத் தடுக்கும் சக்தி எதுவும் புதிதாக வந்துவிடுவதில்லை.

என் முதல் முயற்சி இதுவும் இல்லை, வெறும் பாலிஷ். பைபாஸ் ஓரத்தில் ஒரு கடையில் மெஷின் வைத்துத் தேய்த்து, அரை மணி நேரத்தில் புது வண்டி மாதிரி ஆக்கிக் கொடுத்தார்கள். எனக்கு ரொம்பச் சந்தோஷம். அடுத்த சித்திரை முடிவதற்குள் முன்னைவிட மோசமாக மஞ்சளடித்தது. கடைக்காரர் ஏமாற்றினார் என்று திட்டிக்கொண்டே கோரிமேட்டுப் பெரியவரிடம் போனேன். அவர் சிரித்தார். "அவுரு தேச்சது நல்லாத்தான் தேச்சிருக்காருங்க. மிச்சம் மீதி இருந்த பழைய கோட்டையும் சேத்து எடுத்துட்டாரு. மேல எதுவும் அடிக்கலீங்களே." எஞ்சியிருந்த அரைகுறைப் பாதுகாப்பையும் காசு கொடுத்து உரித்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக்கைச் சேலத்து வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். தேய்ப்பது பாதி வேலை. புதுப் பூச்சு போடாமல் தேய்ப்பதைவிடத் தேய்க்காமலே விட்டுவிடலாம் என்பதுதான் இப்போது என் கட்சி.

இரண்டாவது முறை பெரியவரின் தம்பி வைத்திருக்கும் டிங்கர் பட்டறையில், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் விளக்கைச் சுற்றிலும் பெயிண்ட் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டினார். பக்கெட்டில் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு ஷாம்பு. 800 நம்பர் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் ஏற ஏற நைசாகும்) நனைத்துக் குறுக்குவாட்டில் தேய்க்க ஆரம்பித்ததும், பம்பரில் வழிந்த தண்ணீர் மஞ்சளாக, நீராகாரம் போல இருந்தது. "இந்த மஞ்சத் தண்ணி வர்ற வரைக்கும் பழைய கோட்டு இருக்குதுன்னு அர்த்தமுங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மேல் தேசப்படம் போலத் தீவு தீவாகத் தெரிந்தது. தீவுகள்தான் உரியாமல் ஒட்டியிருந்த பழைய பூச்சு. அவை எல்லாம் போய், வழிகிற தண்ணீர் சுத்த வெள்ளையான பிறகுதான் அடுத்த பேப்பரை எடுத்தார். விளக்கு இப்போது முழுக்க வெள்ளையாக, முன்னைவிடக் கேவலமாக இருந்தது. இந்த இடத்தில் பயந்து கையை எடுப்பவர்கள்தான் வீட்டில் செய்து கெடுத்துக்கொள்பவர்கள்.

1000, 1500, 2000 என்று நம்பர் ஏறியது. ஒவ்வொரு முறையும் தேய்க்கும் திசையை மாற்றினார், ஒரு தடவை படுக்கைவாட்டு, அடுத்தது நெட்டுவாட்டு. முந்தைய பேப்பரின் கீறல் ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரிய அது ஒன்றே வழி. துணியில் தொட்டுத் தடவும் பூச்சாக இருந்தால் இதற்கு மேல் 3000, பாலிஷ் காம்பவுண்ட், பஃபிங் மெஷின் என்று போய்க் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுத்தான் பூச வேண்டும். மெஷினை ஒரே இடத்தில் அழுத்தினால் சூட்டில் பிளாஸ்டிக் இளகும். இவர் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சை ஸ்பிரே அடிப்பவர், அதனால் 2000-த்தோடு நிறுத்திவிட்டார். மங்கலாக இருக்கும்போதே எப்படி அடிப்பீர்கள் என்று கேட்டேன். மேலே ஈரக்கையால் ஒரு தடவு தடவினார், தெளிந்தது. பதில் கிடைத்துவிட்டது. அண்ணன் பாட்டிலில் இருந்து ஊற்றிய தண்ணீரைத்தான் தம்பி ஸ்பிரே கன்னில் அடிக்கப் போகிறார். மெல்லிய கீறல்களைக் கிளியர் நிரப்பிக்கொள்ளும், அந்தக் கீறல்களே அதற்குப் பிடிமானமும் ஆகும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ஹார்ட்னர் கலந்த டூ-கே கிளியரை மெல்லிசாக ஒரு கோட், பத்து நிமிஷம் விட்டுக் கொஞ்சம் கனமாக இன்னொரு கோட் அடித்தார். இந்த ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. அவர் முகத்தில் வடிகட்டி வைத்த முழு மாஸ்க் இருந்தது, என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். வீட்டு வாசலில் விளையாட்டாகச் செய்கிற வேலை இது இல்லை. வாங்கும்போது கிளியரில் யூ.வி. (புறஊதா) தடுப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஹார்ட்னர் இல்லாத சாதா ஸ்பிரே டப்பா நம் வெயிலுக்கு ஒரு கோடை தாண்டுவதே பெரிது. மழை நாளிலும் மூடுபனியிலும் அடித்தால் ஈரத்தைக் குடித்துப் பூச்சே பால் நிறமாகிவிடும். ஏற்காட்டுக்காரர்கள் இதற்காகக் கீழே இறங்கி வருவது உத்தமம்.

வீட்டிலேயே செய்ய ஆசைப்படுபவர்களுக்கு, துணியில் தொட்டுத் தடவும் யூ.வி. பூச்சோடு வரும் கிட் போதும். டூ-கே அளவுக்கு உழைக்காது, ஆனால் திரும்பத் தடவிக்கொள்ளலாம். வண்டி பெயிண்ட்டுக்கு ஒட்டும் பி.பி.எஃப். படலத்தையும் விளக்கு மேல் ஒட்டலாம். கல்லடி, தூசி, வெயில் மூன்றுக்கும் சேர்த்து அதுதான் நல்ல கவசம், கெட்டால் உரித்துவிட்டு வேறு ஒட்டிக்கொள்ளலாம். புது வண்டிக்காரர்கள் முதல் வருஷமே ஒட்டிவிட்டால் இந்தக் கட்டுரையே தேவைப்படாது. கார் வேக்ஸ் தடவுவது கெடுதல் இல்லை. சில வாரத்துக்கு மேல் நம்பக் கூடாது.

தண்ணீர் ஊற்றியும் தெளியாவிட்டால் காசைச் செலவழிக்க வேண்டாம். மங்கல் உள்பக்கம் இருக்கிறது, அல்லது வெடிப்பு ஆழமாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். மழை நாளில் உள்ளே லேசாக ஆவி பிடித்து, விளக்கு எரிந்ததும் போய்விட்டால் கவலையில்லை, டூமில் காற்று போய்வரச் சின்னத் துளை இருக்கிறது. துளித்துளியாகத் தேங்கி நின்றால் சீல் போய்விட்டது. கிண்ணத்தின் பூச்சு கருத்திருந்தாலும் வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை, டூம் மாற்றுவதுதான் வழி.

என் வண்டிக்குக் கிளியர் அடித்து வரும் தையோடு மூன்று வருஷம் ஆகிறது. தூசியை முதலில் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு அப்புறம்தான் துணி படுகிறது. ஏற்காடு போவதற்கு முந்தின ராத்திரி காம்பவுண்டுச் சுவரில் டிம் போட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கோடு இன்னும் கோடாகத்தான் விழுகிறது. போன வாரம் கழுவும்போது மட்டும், வலது விளக்கின் மேல் ஓரத்தில் நகத்தளவுக்கு ஒரு மங்கல் கண்ணில் பட்டது. ஒரு கை தண்ணீர் தெளித்தேன், தெளிந்தது. வேப்பமர நிழல் எட்டாத அதே பக்கம்.